வாஞ்சூர்க் கட்டைக்கு மேல் ஒரு பாங்கு

மூன்று நாள் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கு இருக்கிறது. ஆடி மாதத்து மணல் காற்று, காதில் உரசிய ஒரு தாடி, அந்தத் தாடிக்குள்ளிருந்து வந்த ஒரு குரல். சொல்லக் கேட்டதையெல்லாம் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் மெஹர் பானு என்று என் உம்மா சஃபியா சிரிப்பார். அப்படியே இருந்தாலும் விட்டுத்தர மாட்டேன். என் பாட்டனாரிடமிருந்து எனக்கு வந்த முதல் சொத்து அது.

அவர் பெயர் நூகு. காரைக்கால்காரர். வாலிபத்தில் தோணியில் சுக்கான் பிடித்துப் பினாங்கு வரை போனவர். என் வாப்பா தாவூது பிறந்த சில நாளில் தாய் மவுத்தாகிவிட, அத்தோடு கடலை விட்டார். கரையில் ஒரு சரக்குக் கிட்டங்கிக் காவலுக்குப் போனார். இரண்டாம் கல்யாணம் பேச வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே வேலைக்கு நடந்தார். ஆம்பளை தாலாட்டுப் பாடுகிறான் என்று ஊரில் கேலி பேசியிருக்கிறார்கள். பேசியவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இங்கே பெயரோடு எழுதியிருப்பேன்.

எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். உயிராய் வளர்த்த மகனை நாகூரில் என் உம்மா வீட்டில் விட்டுவிட்டு அவர் தனியாகத் திரும்பினார். ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும் மகனைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். பிறகு வாப்பா பிழைப்புக்குச் சைகோன் போனார். அப்போது உம்மா மூன்று மாதம்.

“பிள்ளை பொறந்தா என் இடத்துல நின்னு நீங்கதான் பாங்கு சொல்லணும் வாப்பா” என்று கேட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினாராம். பாட்டனார் மகன் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

பிறந்த குழந்தையின் வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்வது எங்கள் வழக்கம். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் அதே வார்த்தைகள்தான். ஆனால் மெதுவாக, அந்தக் காதுக்கு மட்டும். பிறந்தபோது சொன்ன பாங்குக்கான தொழுகை, இறந்த பிறகு நடக்கும் தொழுகைதான் என்பார்கள்.

அது ஐம்பத்து நாலு. காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில், நாகூர் இந்தியாவில். நடுவே வாஞ்சூரில் சாலையை மறித்து ஒரு தடுப்புக்கட்டை. அந்த வருஷம் பெர்மிட் இல்லாமல் ஈ காக்கை போக முடியாது என்றாகிவிட்டது. பாட்டனார் கேட்ட பெர்மிட் வரவில்லை. நான் வந்துவிட்டேன்.

செய்தி கொண்டுவந்தவர் கருக்களாச்சேரியிலிருந்து மீன் கூடை சுமந்து வரும் பெரியநாயகி. அவர் புருஷன் நடுக்கடலில் நாகூர் மீனவர்களோடு பேசிக்கொள்வதுதான் அந்நாளில் எங்கள் தபால். பெண் குழந்தை, தாய் சுகம், ஆனால் பாங்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லாமலா? என் மாமா நூர் அகமது வீட்டிலேயே இருந்தார். உம்மாதான் அவரைக் கிட்டே விடவில்லை. அவங்க வாப்பா வந்துதான் சொல்லணும் என்று படுத்த படுக்கையில் பிடிவாதம். பிள்ளையை இப்படிப் போட்டுவைக்கலாமா என்று பெண்டுகள் மிரண்டு போய், மூன்று நாள்தான் பொறுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டுமரத்தில் ஏறுங்க, கொண்டுபோய் விடுறோம் என்றாராம் பெரியநாயகி. பிடிபட்டால் அவர்கள் மரம் பறிபோகும். உங்க பொழப்பைக் கெடுத்துத்தானா என் பேத்திக்குப் பாங்கு சொல்லணும் என்று பாட்டனார் மறுத்துவிட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்குப் பிள்ளையை வாஞ்சூர்க் கட்டைக்குக் கொண்டுவரும்படி கடல் வழியாகவே பதில் சொல்லியனுப்பினார்.

மாமா என்னைத் துணியில் சுற்றி ஜட்காவில் கொண்டுவந்தார். கட்டைக்கு அந்தப் பக்கம் பாட்டனார். இரண்டு பக்கமும் பெர்மிட்டுக்குக் காத்துக் கிடந்த ஜனம். இந்தியப் பக்கத்துக் காவலர் காத்தமுத்து நல்ல மனிதர், ஆனால் உத்தரவு உத்தரவுதான். ஒரு காலைக்கூட இந்தப் பக்கம் வைக்கக்கூடாது என்றார்.

“கால் இங்கேயே நிக்கட்டும் தம்பி. வாய் மட்டும் அந்தப் பக்கம் வரட்டும்” என்றார் பாட்டனார்.

காத்தமுத்து யோசித்தார். வாய்க்கு உத்தரவு எதுவும் இல்லை. மாமா என்னைக் கட்டையோரம் ஏந்திப் பிடிக்க, பாட்டனார் மேற்கே பார்த்துக் குனிந்தார். மெதுவாகத்தான் தொடங்கினாராம். ஆனால் பாய்மரத்து உச்சிக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை அது. பாதியில் அழுகை வர, அதை அடக்கப் போய்க் குரல் உயர்ந்துவிட்டது. காத்திருந்த ஜனம் அசர் பாங்கு என்றே நினைத்துவிட்டது. ஏற்கெனவே கைகால் கழுவி ஒளுவோடு இருந்தவர்கள் துண்டை விரித்தார்கள், இல்லாதவர்கள் வாய்க்காலுக்கு ஓடினார்கள். இடது காதிலும் சொல்லி முடித்து அவர் நிமிர்ந்தபோது, மேற்கே பார்த்து ஒரே வரிசை நின்றது. தோளோடு தோள், பாதி பிரெஞ்சு மண்ணில், பாதி இந்தியாவில், நடுவில் கட்டை.

இது பிள்ளைக்குச் சொன்னது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவரும் மாமாவும் கட்டையின் இருபுறமும் அந்த வரிசையிலேயே சேர்ந்துகொண்டார்கள். என்னைக் காத்தமுத்து தடியைச் சாய்த்து வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். தொழுகை முடியும் வரை இந்திய சர்க்கார்தான் என்னைத் தூக்கி வைத்திருந்தது. முடிவில் ஸலாம் சொல்ல இடப்பக்கம் திரும்பிய பாட்டனார், காத்தமுத்துவின் கையில் நான் விழித்துப் பார்ப்பதைக் கண்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

ஐப்பசியில் பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போக, கட்டையைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வராத வெள்ளிக்கிழமை இல்லை. மடியில் மிட்டாய் இருக்கிறது என்பதைக்கூட என் வலது காதில்தான் சொல்வார். நான் தூங்கும் வரை அதே பாங்கை மெல்ல முணுமுணுப்பார். என் வாப்பாவுக்குப் பாடிய தாலாட்டெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஐம்பத்தொன்பதில் காரைக்கால் வீட்டில் படுத்தார். வாப்பா சைகோனிலிருந்து திரும்பியிருந்தார். கடைசி நேரத்தில் காதருகே, இறைவன் ஒருவனே என்ற கலிமா சொல்ல வேண்டும். வாப்பா தொடங்கித் தொடங்கி முதல் சொல்லிலேயே உடைந்து அழுதார். ஐந்து வயதான நான் கட்டிலில் ஏறி, எனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினேன். வலது காதில், பாங்கு. அது பொறந்த பிள்ளைக்குச் சொல்றது என்று யாரோ என்னை இழுக்க வந்தார்கள்.

“விடுங்க. அவர் குடுத்ததைத்தானே குடுக்குறா” என்றார் வாப்பா.

மெதுவாகத்தான் தொடங்கினேன், அந்தக் காதுக்கு மட்டும். பாதிக்கு மேல் எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. தெருவில் போன இரண்டு பேர் நின்று, தொழுகைக்கு நேரமாகிவிட்டதா என்று வாசலில் கேட்டார்கள்.

பாட்டனாரின் இமையை மூடிவிட்டு, ஆமாம் என்றார் வாப்பா.