மூன்றாவது பேரிங்

எங்கள் பைக்குக்கு வியாதி வந்ததை முதலில் கண்டவள் நான். காதால்கூட அல்ல, காலால். பின்சீட்டில் உட்கார்ந்து கால் வைக்கிற கம்பியில் ஒரு நடுக்கம் ஏறி வந்தது. கூடவே ஓர் உறுமல். அம்மிக்கும் குழவிக்கும் நடுவே மணல் அகப்பட்டால் எப்படி இருக்கும், அப்படி. என் கணவரிடம் சொன்னேன். "செயின் தொங்கியிருக்கும்" என்றார். பைக்கில் எது கெட்டாலும் அவருக்குச் செயின்தான் காரணம். வீட்டில் எது கெட்டாலும் நான்தான் காரணம்.

தொண்ணூறுகளில் நாங்கள் மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். அவருக்குப் பால் எடுக்கும் வேலை. காலையில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் லயமாகப் போய், மாடு வைத்திருக்கிறவர்களிடம் பாலை வாங்கி, கேன்களில் நிரப்பி, பைக்கின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, மலையிறங்கி டவுனில் பால் சேகரிக்கும் நிலையத்தில் கொடுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் போகாவிட்டால் பால் திரிந்துவிடும். திரிந்த பாலை அங்கே தொட்டும் பார்க்க மாட்டார்கள்.

நான் பின்சீட்டில் ஏறியது ஊர் பார்க்க அல்ல. யுத்த காலம், மலையடிவாரத்தில் ராணுவம் சோதனைச்சாவடி போட்டிருந்தது. தனியாக வருகிற தமிழ் இளைஞனை நிறுத்தினால் விடுவதற்கு நேரமாகும். பெண்சாதியோடு வந்தால் கேள்வி குறையும். அதனால் கேன்களுக்கு நடுவே நானும் ஒரு கேன் மாதிரி உட்கார்ந்து தினமும் போய் வந்தேன்.

பைக் பழையது. ஜப்பான்காரன் செய்த டூ ஸ்ட்ரோக். பல்லேபொலப் பக்கம் சமதரையில் இருந்த வயல்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினோம். இந்த வகை வண்டியில் எஞ்சின் சுற்றுகிற பகுதிக்குத் தனியாக ஒயில் ஊற்ற இடமில்லை. பெட்ரோலிலேயே கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்தக் கலவை என் பொறுப்பு. மருந்துப் போத்தலின் மூடியால் அளந்து, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் நானே கலப்பேன். இவரிடம் விட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார்.

செயினை இறுக்கிப் பார்த்தார். உறுமல் போகவில்லை. "அப்ப சில்லு பேரிங்கா இருக்கும்" என்றார். சில்லு, அதாவது சக்கரம், சுழல்கிற இடத்தில் குண்டுகள் அடைத்த ஒரு வளையம் இருக்கிறதே, அதைச் சொன்னார். சரி, பார்ப்போம் என்று இருந்தேன். மறுநாள் சாவடியில் வழக்கம்போல ஆமிக்காரர் கையைக் காட்டி "பஹின்ன" என்றார். இறங்க வேண்டும், எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அவர் தள்ள, நான் குனிந்த தலையோடு பக்கத்திலேயே நடந்தேன். பயத்தில் தலை குனிந்திருக்கிறேன் என்று ஆமிக்காரர் நினைத்திருப்பார். நான் சில்லுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சில்லு பூனை மாதிரிச் சத்தமில்லாமல் உருண்டது. சாவடி தாண்டி எஞ்சினை உதைத்ததும் உறுமல் திரும்பி வந்தது.

"சில்லு இல்லீங்க, எஞ்சினுக்குள்ளதான்" என்றேன்.

"ஆமா, நீ பெரிய மெக்கானிக்" என்றார்.

கோபம் வந்தால் நான் சும்மா இருக்கிறவள் அல்ல. வீட்டுக்கு வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் நுனியை எஞ்சினில் வைத்து மரப்பிடியைக் காதில் வைத்தேன். டவுன் கராஜில் மெக்கானிக் நானா அப்படிச் செய்வதைப் பார்த்திருந்தேன். மேலே, பிஸ்டன் ஏறி இறங்குகிற இடத்தில், சத்தம் சுத்தமாக இருந்தது. கீழே பக்கவாட்டு மூடிக்கு அருகே நுனியைக் கொண்டுபோனதும் காதுக்குள்ளேயே அரைத்தது. இவரையும் கேட்க வைத்தேன். கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. செயின் என்ற பேச்சு அதோடு நின்றது.

நானா என்று நாங்கள் கூப்பிடுகிறவர் மாத்தளை டவுனில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் மெக்கானிக். கைராசிக்காரர். பக்க மூடியைக் கழற்றி, உள்ளே சுழல்கிற மெக்னட் சில்லை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆடவே கூடாத சில்லு கடகடவென்று ஆடியது. "பேரிங் போயிட்டு" என்றார். எஞ்சினைப் பிரித்து அந்த வளையத்தை வெளியே எடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குண்டுகள் நீலம் பாரித்திருந்தன.

"பாருங்க தங்கச்சி, வெந்து போயி இரிக்கி. தண்ணி போயிருந்தா துரு புடிக்கும். மண் போயிருந்தா கீறல் வுழும். இது ஒயில் பத்தாத கேஸ். யாரு ஒயில் கலக்குற?"

என் கணவர் மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவரைப் பால் கேனுக்குள் அமுக்கியிருப்பேன்.

நானா சொன்ன அடுத்த விஷயம் அதைவிட மோசம். வண்டியோடு வந்த பேரிங் பல்லேபொலக்காரரிடம் பல வருடம் உழைத்தது. எங்களிடம் வந்த கொஞ்ச காலத்தில் அது உறுமாமலே திடீரென்று இறுகிப் போனது; பழசுதானே என்று அப்போது மாற்றிவிட்டோம். அதற்குப் பிறகு போட்டதும் இதோ போய்விட்டது. இரண்டு தடவை கழற்றி மாட்டியதில் பேரிங் உட்காருகிற குழி தளர்ந்துவிட்டது. "இப்ப போடப்போறது மூணாவது பேரிங். இதுவும் போனா இந்தக் குழி வேற ஒண்டையும் புடிக்காது. எஞ்சினை இரும்புக்குத்தான் போடணும்."

பால் நிலையத்திலும் சொல்லிவிட்டார்கள்: இனியொரு தடவை வண்டி படுத்துப் பால் கெட்டால் வேலை வேறு ஆளுக்கு. அன்று சாயந்தரம் என் கணவர் கொழும்பு என்ற பேச்சை எடுத்தார். அங்கே ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்க ஆள் தேடுகிறார்களாம். இந்த வண்டியை நம்பி இருக்க முடியாது, இப்போதே போய்விடலாம் என்றார்.

அந்த நாட்களில் கொழும்பு என்றாலே எனக்குப் பயம். எங்கள் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் அங்கே லொட்ஜில் படுத்திருந்தவன். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அவன் தாய் தெருத் தெருவாக அலைந்தாள். அந்த அம்மாள் இருந்த கோலத்தை நான் பார்த்தவள். எனக்கு இவர் வேண்டும். சண்டை போடுவதற்காவது பக்கத்தில் வேண்டும். ஆனால் அவர் ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்றும் வாங்கி வந்து ஆணியில் மாட்டிவிட்டார். இந்தப் பேரிங்கும் உறுமினால் கிளம்புவதாகப் பேச்சு. தினமும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஒயில் அளந்தேன்.

எங்கள் மலையில் பைக் வைத்திருக்கிற ஆண்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. உச்சியில் முனியாண்டி கோயில் வந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பார்கள். வலது கை சாமியைக் கும்பிடும். அது ஹேண்டிலுக்குத் திரும்பியதும் இடது கை கீழே இறங்கி, எஞ்சினுக்குப் பெட்ரோல் விடுகிற டெப்பை மூடும். கியரை மட்டும் கழற்ற மாட்டார்கள். இறக்கம் சில்லை உருட்ட, சில்லு எஞ்சினை உருட்ட, அந்த இறுக்கமே பிரேக் மாதிரி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். செலவில்லாமல் அடிவாரம் வரை போய்விடலாம். இவருக்கு அதில் தனிப் பெருமை. தன் அப்பா காலத்துப் பழக்கம் என்பார்.

புதுப் பேரிங் போட்டுச் சில நாள் கழித்து, அடிவாரச் சாவடியில் இறங்கும்போது என் கெண்டைக்கால் எஞ்சினின் பக்க மூடியில் பட்டது. சுரீரென்று சுட்டது. துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் யோசித்தேன். ஓடுகிற எஞ்சின் சுட்டால் நியாயம். உச்சியிலேயே அணைத்த அடுப்பு அடிவாரத்தில் ஏன் சுட வேண்டும்? சாவடியென்றும் பாராமல் குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன். பெட்ரோல் எரிகிற மேல் பாகம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பேரிங் இருக்கிற கீழ்ப் பக்கம் கை வைக்க முடியவில்லை.

ஆமிக்காரர் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். "மொகத?" என்ன அது என்று கேட்டார்.

"பைக் எகட்ட லெடக், மாத்தயா" என்றேன். பைக்குக்கு நோய், ஐயா.

அவர் சிரித்துவிட்டார். என் கணவருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. பாலைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றவரைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"நானா, ஒன்னு சொல்லுங்க. பேரிங்குக்கு ஒயில் எப்புடிப் போய்ச் சேருது?"

"பெட்ரோலோட சேந்துதான் போற. வேற வழி இல்ல."

"பெட்ரோல் போகாட்டி?"

"எஞ்சின் நிண்டிடும் தங்கச்சி."

"எஞ்சின் நிக்காம சுத்தணும், பெட்ரோலும் போகக்கூடாது. அப்ப?"

"அது எப்பிடி நடக்கும்?" என்று சிரித்தார். எங்கள் மலையில் தினமும் அது எப்படி நடக்கிறது என்று சொன்னேன். கோயில், கும்பிடு, டெப், கியர், கேன்களின் பாரம், சுட்ட கால் எல்லாம் சொன்னேன். நானா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! அவ்வளவு தூரமும் காஞ்ச எஞ்சினையா சுத்தவுட்டு வாறீங்க?"

"எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான் நானா எறங்குறோம். அவரு வண்டிக்கு ஒன்னும் ஆகலியே."

"அது பழைய இங்கிலீஸ் வண்டி. ஃபோர் ஸ்ட்ரோக். அதுக்கு ஒயில் தனியா இரிக்கி, பம்பு அடிச்சிக் குடுக்கும். டெப்பை மூடினாலும் ஒயில் போகும். இதுக்கு டெப்பை மூடுறது புள்ளைக்குப் பால நிப்பாட்டுற மாதிரி." தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "நானும் டவுன் ரோட்டுலதானே ஓட்டிப் பாத்தேன். மலைய நெனைக்கல்ல. கலந்த கை சரி தம்பி. மூடின கைதான் பிழை."

"இன்னொரு தடவ சொல்லுங்க நானா. இவருக்குக் கொஞ்சம் காது மந்தம்" என்றேன்.

நானா சிரித்துக்கொண்டே இன்னொரு தடவையும் சொன்னார். அப்படியொரு இனிப்பான வசனத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. பிறகு பிரேக் கட்டைகளை மாற்றிக் கொடுத்தார். டெப்பைத் திறந்தே வைத்து, எஞ்சினை ஓடவிட்டபடி, வளைவுக்கு வளைவு கொஞ்சம் எக்சிலேட்டர் கொடுத்து இறங்கச் சொன்னார்.

கேட்டபோது தலையாட்டினார் என் மனிதர். மறுநாள் முனியாண்டி கோயில் வந்தது. வலது கை கும்பிட்டது, இடது கை தானாக இறங்கி டெப்பை மூடியது. முதுகில் ஒன்று போட்டேன். அதற்கு அடுத்த நாளும் அதே கதை. கேட்டால், "கை தானாப் போகுது புள்ள, நான் என்னா செய்ய?" என்கிறார். தானாகப் போகிற கையோடு வாதாடி என்ன பிரயோசனம்? அன்று வீட்டில் திருப்புளியை எடுத்து, டெப்பைத் திருப்புகிற கைப்பிடியின் ஆணியைக் கழற்றி, கைப்பிடியை என் முந்தானையில் முடிந்துகொண்டேன். வண்டி வீட்டில் நிற்கும்போது நானே அதை மாட்டி மூடுவேன். காலையில் திறந்துவிட்டு மறுபடி முடிந்துகொள்வேன். தோட்டமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

மழைக்காலம் வந்து போனது, வெயில் வந்து போனது. ஒரு நாளும் பால் திரியவில்லை. சாவடியில் தினமும் பக்க மூடியைத் தொட்டுப் பார்ப்பேன், பொறுக்கக்கூடிய சூடுதான். அந்த ஆமிக்காரர், நோய் எப்படி இருக்கிறது என்று சிங்களத்தில் விசாரிப்பார். போன பேரிங் உறுமத் தொடங்கிய காலக்கெடு தாண்டியதும், மனம் கேட்காமல், வண்டியை நானாவிடம் கொண்டுபோனோம். நானா மூடியைக் கழற்றினார். மெக்னட் சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நீங்களே புடிச்சிப் பாருங்க தங்கச்சி" என்று விலகினார்.

இரண்டு கையாலும் பிடித்து, முழுப் பலத்தையும் போட்டு ஆட்டினேன். அசையவில்லை. சுவரைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. கிறீஸ் கறுப்பு முழங்கை வரை ஏறிய நிலையில், நடு டவுனில், கராஜ் வாசலில், வாய்விட்டுச் சிரித்தேன். நானாவும் சிரித்தார். என் கணவர் போய் மூன்று பேருக்கும் டீயும் சீனி போட்ட பணிஸும் வாங்கி வந்தார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அது. நான் இரண்டு பணிஸ் சாப்பிட்டேன்.

கறுப்புப் பை அன்றே ஆணியிலிருந்து இறங்கியது. ஸ்பேனர், திருப்புளி, பழைய துணி எல்லாவற்றையும் அதில் போட்டு பைக்கில் கட்டிவிட்டேன். செய்தி மலை முழுக்கப் பரவி, டூ ஸ்ட்ரோக் வைத்திருந்த வேறு சில வீட்டுப் பெண்களும் டெப்பின் கைப்பிடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஆண்கள் என்னைக் கண்டால் முறைப்பார்கள். எனக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த மூன்றாவது பேரிங் நாங்கள் பால் வேலையை விடும்வரை உறுமவில்லை. ஆனால் அவருடைய கை திருந்தவே இல்லை. முனியாண்டி கோயில் வந்ததும் வலது கை கும்பிடும். இடது கை கீழே இறங்கி, கைப்பிடி இல்லாத மொட்டை டெப்பைத் தடவிவிட்டு, வெட்கத்தோடு மேலே வரும். கொழும்புக்குப் போகாத அந்தக் கையைப் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே நான் முந்தானை முடிச்சைத் தொட்டுக்கொள்வேன். பாலைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பி வருவோம்.