அண்ணாந்து குடித்த தண்ணீர்

அன்று மூன்று மணிக்கு எனக்குத் துறைமுகப் பக்கத்தில் உள்ள கிட்டங்கியில் வேலை. அதற்குள் பிள்ளைகளை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் திரும்பிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே எனக்குள் அந்தரமும் அவசரமும். மலை, நாங்கள் இருக்கும் மொன்றியல் நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஆனாலும் "பேந்து போவம், பேந்து போவம்" என்று மூன்று ஞாயிறு கடத்திவிட்டேன்.

மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. எல்லாரும் நடக்கும் பாதை அகலமானது, மரநிழல் உள்ளது, ஆனால் சுற்றிச் சுற்றிப் போகும். நான் கல்லும் புழுதியுமான குறுக்குப் பாதையில் ஏறினேன். இரண்டு கிழமையாக மழை இல்லை. புல்லெல்லாம் வைக்கோல் நிறம். பாறையில் கை வைத்தால் சுட்டது.

எங்களிடம் இருந்தது ஒரு போத்தல் தண்ணீர். எங்கள் வீட்டில் ஒருவர் வாய் வைத்ததை மற்றவர் குடிப்பதில்லை. போத்தலை உயர்த்தி, அண்ணாந்து, வாய்க்குள் ஊற்றித்தான் குடிப்போம். குசினியில் நின்று அப்படிக் குடிக்கலாம். மலையில் நடந்தபடி குடித்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. நின்று குடிக்கவும் விடவில்லை.

"நடந்துகொண்டே குடியுங்கோ. நேரமில்லை."

"மூக்குக்குள்ளை போகுது அப்பா," என்றாள் சின்னவள்.

"இவள் குடிக்கேல்லை அப்பா, குளிக்கிறாள்," என்றாள் மூத்தவள்.

நான் சிரிக்காமல் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

பாதிக்கு மேல் ஏறியதும் சின்னவள் ஒரு கல்லில் இருந்துவிட்டாள். முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது.

"தலை சுத்துது அப்பா."

போத்தலைப் பார்த்தேன். அடியில் இரண்டு மிடறு. மற்றதெல்லாம் எங்கள் சட்டைகளிலும் புழுதியிலும் போயிருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவளை நிழலுக்குத் தூக்கிப் போனேன்.

"வாய் வைச்சுக் குடி பிள்ளை."

"எச்சில் எல்லோ?"

"பரவாயில்லை. சிந்தாமல் குடி."

அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு அக்காவிடம் நீட்டினாள். மூத்தவள் போத்தல் வாயைத் துடைக்கவும் இல்லை. அப்படியே குடித்தாள்.

மேலேயிருந்து வந்த ஒரு மனிதரிடம் வெறும் போத்தலைக் காட்டினேன். அவர் ஐந்து விரலை விரித்து, பிரெஞ்சில் "சேங்க் மினுத்" என்று உச்சியைக் காட்டினார். சின்னவளை முதுகில் சுமந்துகொண்டு, நிழல் கண்ட இடமெல்லாம் நின்று நின்று ஏறினேன். ஐந்து நிமிடப் பாதைக்கு இருபது நிமிடம் எடுத்தது.

உச்சியில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. பொத்தானை அமத்தினால் தண்ணீர் மேல்நோக்கிப் பாய்ந்தது. சின்னவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது கீழை இருந்தெல்லோ வருது. இதை எப்பிடி அண்ணாந்து குடிக்கிறது?"

"குனிஞ்சு குடி," என்றேன். மூவரும் மாறி மாறிக் குனிந்தோம். அவள் முகத்தின் சிவப்பு இறங்கும்வரை நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினேன். ஆனால் மலையிலிருந்து இறங்கும்போது அகலமான பாதையால்தான் வந்தோம். நிரப்பிய போத்தல் சின்னவளின் கையில் இருந்தது. "நில்லுங்கோ, குடிக்கப் போறன்," என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் நாங்கள் நின்றோம்.