நிழலில் மேயும் கார்

வில்லியனூரில் இருசப்பனின் டீக்கடைக்குக் கடிகாரம் கிடையாது. தேவையும் இல்லை. ஹபீப் முகமதுவின் வெள்ளைக் கார் தையல்கடைச் சுவரோரம் நின்றால் மணி எட்டு. பள்ளிவாசல் மதிலுக்கு வந்துவிட்டால் பத்தரை. பழைய அரிசி மில்லின் லாரிக் கொட்டகைக்குள் மூக்கை நுழைத்துவிட்டால் உச்சிவேளை ஆகப்போகிறது, வடைச்சட்டியை இறக்கிவிடலாம்.

“பாய், ஆட்டை அவுத்து வுட்டா அதுகூட நாலு தெரு போயிட்டு வருது. உன் வண்டி நிழல்லயே மேயுது” என்பான் இருசப்பன்.

“வெயில்ல நிக்க வெச்சு பெயின்ட் உரிஞ்சா நீ அடிச்சுக் குடுப்பியா?”

“யாரு நிக்க வெக்க சொன்னது? ஓட்ட சொல்றேன்.”

ஹபீப் டீயை உறிஞ்சுவார். பிளாஸ்டிக் வாளியும் குடமும் விற்கும் கடைக்காரர். ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒரு பல் டாக்டர் ஓட்டிக் கழித்த காரை வாங்கினார். இரண்டு கோடை ஆகிவிட்டது. பொழுது சாய்ந்தபின் கடைத்தெரு வரை அது போய்வரும். பகலில் ஒரு நிழலைவிட்டு இன்னொரு நிழலுக்கு மட்டும் நகரும்.

நிறுத்திய பிறகும் விடமாட்டார். முன்கண்ணாடிக்குள் வெள்ளித் தாள் விரிப்பார். ஸ்டியரிங்குக்குத் துண்டு கட்டுவார். வைப்பர் ரப்பர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க இரண்டையும் தூக்கி நிறுத்துவார்; வண்டி கையேந்தி துஆ கேட்பதுபோல் இருக்கும். சூடு வெளியேற ஜன்னல்களை ஒரு விரல் அளவு இறக்கிவைப்பார். அந்த வழியாக ஒரு பல்லி குடிபுகுந்து, போன சித்திரையில் சீட்டுக்கடியில் முட்டையிட்டது. கடைசியாக, நனைத்த கோணிப்பை ஒன்றைக் கூரைமேல் போர்த்துவார்.

“எங்க அத்தா மூணு மாசம் காய்ச்சல்ல கெடந்தாரு. அவருக்குக்கூட இப்படி ஈரத்துணி போட்டு நான் பாத்ததில்ல” என்பாள் அவர் மனைவி அஸ்மா.

இவ்வளவும் யாருக்காக என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. கார் வாங்கிய மறுவாரம், மே மாத மத்தியானத்தில், புதுப்புடவை கட்டிக்கொண்டு அஸ்மா முதன்முதலாக ஏறினாள். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருந்த வண்டி. சீட்பெல்ட்டை இழுத்தவள் “யா அல்லாஹ்” என்று கையை உதறினாள். பெல்ட்டின் இரும்புக்கொக்கி முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு வைத்துவிட்டது. அன்று அவர் எடுத்த முடிவுதான்: இந்த வண்டி இனி சுடாது. சுடாமல் பார்த்துக்கொள்வதில், அவளைப் பகலில் ஏற்றிப்போவது என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது.

அஸ்மா மறக்கவில்லை. அவள் தங்கை மகள் அஃப்ரினுக்கு பாகூர்ப் பக்கம் நிக்காஹ், ஞாயிறு காலை பதினொன்றுக்கு.

“கார்லதான் போறோம். என் தங்கச்சி வாசல்ல நிக்கும்போது நான் எறங்கணும். போன கல்யாணத்துக்கு டவுன் பஸ்ல கசங்கிப் போய் எறங்கினேன், அவ சிரிச்சா. இந்தத் தடவையும் பஸ்தான்னா நான் வரல, அத்னான் அத்தா. நீங்க காரோட இங்கயே இருந்துக்கங்க.”

அத்னான் அவர்களின் மகன், துபாயில் இருக்கிறான். அவன் பெயரைச் சேர்த்து அவள் கூப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

ஹபீப் வியாழக்கிழமையே பஸ் ஏறி பாகூர்ப் பக்கம் போனார். கல்யாண மண்டபத்தைப் பார்க்க அல்ல, அதைச் சுற்றியுள்ள நிழலைப் பார்க்க. மண்டபம் அறுப்பு முடிந்த வயல்களுக்கு நடுவே மொட்டையாக நின்றது. மே மாத உச்சியில் சுவரை நம்ப முடியாது; அந்நேரம் பள்ளிவாசல் மினாராவுக்கே காலடியில்தான் நிழல். கூரை வேண்டும். தேடித் தேடிக் கடைசியில் மண்டபத்துக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் அதைக் கண்டார்: கீற்று வேய்ந்த தண்ணீர்ப் பந்தல். ஏதோ ஒரு கட்சிக்காரர்கள் பேனர் கட்டி, மோர் ஊற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று மண்பானைகளில் ஒன்றில் சிலந்தி வலை. ஆள் அரவமே இல்லை. கையை விரித்து அளந்து பார்த்தார். கார் கச்சிதமாக அடங்கும்.

ஞாயிறு எல்லாம் கூடிவந்தது. உறுவையாறு தாண்டும்போது ஏசிக் காற்றில் அஸ்மாவின் முக்காடு மெல்ல அசைந்தது. மண்டப வாசலில் தங்கை நின்றிருந்தாள்.

“கதவை அவசரப்பட்டுத் தொறக்காதீங்க. நல்லா பாக்கட்டும்” என்றாள் அஸ்மா.

அவளை இறக்கிவிட்டு, காரைப் பந்தலுக்குள் நுழைத்து, கோணியை நனைத்துப் போர்த்திவிட்டு ஹபீப் உள்ளே போனார். இரண்டு வருஷத்தில் முதன்முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்தார். நிக்காஹ் முடிந்து நன்னாரி சர்பத் கைக்கு வந்தபோது மைக் கரகரத்தது.

“தண்ணிப் பந்தல்ல வெள்ளைக் காரை நிறுத்தியிருக்கறவங்க ஒடனே வெளிய வரவும். வெளிய ஒரே சத்தமா இருக்குது.”

வெளியே இருபது பெண்கள். ஏரி தூர்வாரும் வேலை முடிந்து, மண்வெட்டியும் கூடையுமாகப் பஸ்ஸுக்கு வந்தவர்கள். முன்னால் நின்றவளை மற்றவர்கள் ராமாயி என்று கூப்பிட்டார்கள்.

“இன்னாய்யா இது. தண்ணிப் பந்தல்னு வந்தா காரு பந்தலா இருக்குது.”

“பானையில தண்ணி இல்லம்மா. சும்மாதான கெடந்துச்சுன்னு...”

“பானை காலியா கெடக்குது, அது வெச்சவன் பாவம். நிழலு காலியா இல்ல பாரு, அது உன் பாவம்.”

ஹபீப் வாயைத் திறந்தார். அதற்குள் காரின் அந்தப்பக்கம் கண் போய்விட்டது. ஒருத்தி கூரையிலிருந்து தொங்கிய ஈரக் கோணியின் நுனியைப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டுச் சட்டென்று கையை எடுத்தாள்.

அவர் சாவியை எடுத்தார். காரைப் பின்னுக்கு எடுத்து வெட்டவெளியில் நிறுத்தினார். வெயில் அதன்மேல் விழுந்ததைப் பார்க்கப் பிடிக்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு சமையற்கட்டுக்கு நடந்தார். இரண்டு தண்ணீர் கேன், பாதிப் பாளம் ஐஸ், ஒரு பாட்டில் நன்னாரி. பானைகளைக் கழுவி நிரப்பி, கல்யாணச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு மொண்டு கொடுத்தார். பஸ் வரவில்லை. போகிறவர் வருகிறவரும் நின்றார்கள். உள்ளே பிரியாணி முதல் பந்தி முடிந்து இரண்டாவதும் முடிந்தது.

இரண்டு மணிக்கு அஸ்மா தங்கையோடு வெளியே வந்தாள். வெட்டவெளியில் வெந்துகொண்டிருந்த காரையும், பந்தலில் செம்போடு நின்ற கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஹபீப் ஓடிவந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “வண்டி ரெண்டு மணி நேரமா வெயில்ல. நீ தொடாத. பஸ்ல போயிடலாம், வண்டியை நான் ராத்திரி வந்து எடுத்துக்கறேன்.”

“என் தங்கச்சி முன்னாடி பஸ் ஏறவா?”

“அன்னிக்கு மாதிரி கை சுட்டுடும், அஸ்மா.”

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தழும்பைத் தேட வேண்டியிருந்தது.

“இதுக்கா? இதுக்கா ரெண்டு வருஷமா வண்டியத் தெருத்தெருவா தள்ளிக்கினு திரிஞ்சீங்க? வாரத்துக்கு ஒரு தபா தோசைக்கல்லுல சுட்டுக்கறேன். அடுப்பை நிழல்லயா வெச்சீங்க?”

ராமாயி சிரித்த சிரிப்பில் செம்புத் தண்ணீர் சிந்தியது. “நீ ஏறும்மா, நாங்க பாத்துக்கறோம்” என்றவள் மூன்று பேரைக் கூப்பிட்டாள். பானை நீரை ஒருத்தி கண்ணாடியில் ஊற்றப் போக, ஹபீப் பதறினார்: “அதுல வேணாம், விரிசல் வுட்டுடும். கதவை... கதவை விசிறுங்க.” நாலு கதவுக்கு நாலு பேர் நின்று திறந்து திறந்து மூடினார்கள். தரையைவிட்டுக் கிளம்பத் தெரியாத பெரிய வெள்ளைப் பறவைபோல் கார் அடித்துக்கொண்டது. உள்ளிருந்த அனல் வயலைப் பார்த்துப் போனது. ஹபீப் துண்டை நனைத்து பெல்ட்டின் கொக்கியில் சுற்றினார்.

அஸ்மா ஏறி உட்கார்ந்தாள். நெளிந்தாள். “சுடுதுதான்” என்றாள். இறங்கவில்லை. எல்லா ஜன்னலையும் இறக்கச் சொன்னாள். தங்கைக்குக் கையசைத்துவிட்டு, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். “பிரியாணி எடுத்து வெச்சேன். வண்டிச் சூட்டுல ஆறாம இருக்கும். எங்கனா ஓரமா நிறுத்துங்க. நிழலா பாக்காதீங்க, அப்பறம் வில்லியனூரே வந்துடும்.”

மறுநாள் காலையிலேயே அஸ்மாவை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பிவிட, பள்ளிவாசல் மதிலோரம் ஓர் ஆடு மட்டும் படுத்திருந்தது. கார் வருமென்று மதிலைப் பார்த்துப் பார்த்து ஏமாந்து, மணி ஒன்றாகியும் இருசப்பன் வடை சுட்டுக்கொண்டிருந்தான்.