அவர் கேட்ட கேள்வி

வெள்ளவத்தையில் நான் தைரொயிட் குளிசை வாங்கும் பாமசியில் அவர் வேலை செய்தார். மெலிந்த மனிதர், கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை. எவர் முகத்தையும் பார்க்கமாட்டார். எதையோ உற்றுக் கேட்பவர்போலத் தலையைச் சரித்தபடியே குளிசை அட்டையை வெட்டுவார்.

அன்று டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டை நீட்டினேன். “எத்தனை கிழமை?” என்றார்.

“ரெண்டு மாதத்துக்குத் தாங்கோ.”

“மருந்தைக் கேக்கேல்லை தங்கச்சி, வயித்தில பிள்ளை எத்தனை கிழமை எண்டு கேட்டனான்.” குளிசை அட்டையை வெட்டியபடியே தொடர்ந்தார். “ஹோர்மோன் மருந்து கூடாது, நிப்பாட்டு எண்டுவினம். நிப்பாட்டாதேங்கோ. கெதியா டொக்டரிட்டைப் போங்கோ.”

பிள்ளை உண்டாகியிருப்பது எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து சோதித்தேன். இரண்டு கோடுகள் தெரிந்தன.

மறுநாள், செய்தி அறிந்து வத்தளையிலிருந்து மச்சாள் போன் எடுத்தா. “வயித்தில பிள்ளையோட ஹோர்மோன் மருந்து கூடாது, நிப்பாட்டு.”

பாமசியில் அவர் சொன்ன அதே சொற்கள். முதல் பிள்ளையைக் கருவிலேயே இழந்தவள் நான். பயத்தோடுதான் அன்றைய குளிசையை விழுங்கினேன்.

டொக்டர் இரத்தம் சோதித்தார். “நல்ல காலம், நிப்பாட்டேல்லை. உங்கட உடம்பில குறையிற ஹோர்மோன்தான் இது. பிள்ளைக்கும் வேணும்,” என்று அளவைக் கூட்டினார்.

மகள் பிறந்து ஏழாம் மாதம் அவளைத் தூக்கிக்கொண்டு பாமசிக்குப் போனேன்.

“ஐயா, அண்டைக்கு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது? நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“ஓம், நீங்கள் சொல்லேல்லை,” என்று மகள் பக்கம் தலையைச் சரித்தார்.

புது முகம் கண்டால் வீரிட்டு அழும் மகள், நெடுநாள் பழகியவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.