சின்னப் பாத்திரத்தில் ஊற்றிய ஒயின்

அதில் ஒயின் இல்லை என்று நான் சொன்னது பொய். குடியை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு மனிதருக்கு, தெரிந்தே, என் கையால் ஒயினை ஊற்றிக் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? எரிச்சல்! வெறும் எரிச்சல்... இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

நியூ டவுனில் எங்கள் அடுக்ககத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழமும் ஒயினும் கலந்த பஞ்ச் செய்வது என் வேலை. யார் ஒப்படைத்தார்கள்? ஒருமுறை நன்றாகச் செய்துவிட்டேன், அவ்வளவுதான்! காலையிலிருந்து ஆரஞ்சு உரித்து, மாதுளை உதிர்த்து, ஆப்பிள் நறுக்கி, பட்டையும் கிராம்பும் போட்டு... விரல் நுனியெல்லாம் எரியும். ஒருத்திக்குச் சர்க்கரை கூடாது. இன்னொருவருக்கு ஐஸ் ஆகாது. வேறொருவர் வாயில் ஒரு விதைகூடத் தட்டுப்படக் கூடாது. அப்பப்பா! ஒருவராவது கத்தியைக் கையில் எடுத்தார்களா?

பெரிய பாத்திரத்தில் ஒயின் கலந்தது. சின்னதில் வெறும் பழச்சாறு. குழந்தைகளுக்கும் எதிர்வீட்டு ரகு அண்ணாவுக்கும். அவர் மனைவி மீனா அக்கா அந்த நான்கு ஆண்டுகளை எப்படிக் கட்டிக் காத்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்...

அன்று குழந்தைகள் சின்னப் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டார்கள். அப்போது பார்த்து அக்கா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

“கல்பனா, அவருக்கு ஒரு கிளாஸ் குடேன்!”

மறுபடியும் ஆரஞ்சு உரிக்க என்னால் ஆகாது. பெரிய பாத்திரத்திலிருந்து நான்கைந்து கரண்டி எடுத்துச் சின்னதில் ஊற்றினேன். கொஞ்சம் தண்ணீர் விட்டேன். இத்தனை பழத்துக்கு நடுவே அந்த ஒயின் என்ன செய்துவிடும்?

கிளாஸோடு வந்த என்னை அக்கா மறித்தாள். “இதுல ஒயின் இல்லையே?”

அன்றைக்கு அதே கேள்வி மூன்றாவது முறை! “இல்லவே இல்லக்கா! எத்தனை தடவைதான் கேப்பீங்க?”

அண்ணா ஒரு வாய் குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மீதியையும் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் குடும்மா.”

அப்போதாவது மறுத்தேனா? மறுத்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடுமே! ஊற்றினேன்.

இந்த ஊரில் தை மாதமே வந்துவிடும் சரஸ்வதி பூஜைக்குள் அவர் பழையபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். அந்த இரண்டு கிளாஸினால்தானா? இருக்காது, இருக்கவே இருக்காது என்று எனக்கு நானே எத்தனை வாதங்கள்!

அக்கா பழியை அண்ணாவின் தம்பி சேகர் மேல் போட்டாள். அன்று மாலை முழுக்க பால்கனியில் அண்ணாவோடு உட்கார்ந்திருந்தவன் அவன்தான். “நீ ஊத்திக் குடுத்துதான் ஆரம்பிச்சார். இனிமே இந்தப் பக்கம் வராதே” என்று சொல்லிவிட்டாள். அவனும் வருவதில்லை.

போன மாதம் லேக் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். சேகர் எதிரில் வந்து நின்றான்.

“அன்னிக்கு நீங்க அங்கதானே இருந்தீங்க? நான் அண்ணாவுக்கு ஒண்ணும் குடுக்கலன்னு அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.”

ஒரு வார்த்தை! அதைத்தானே கேட்டான்? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நான் கிச்சன்லயே இருந்தேன் சேகர். எதையும் பாக்கல.”

அவன் கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது! பையைத் தோளில் மாட்டிக்கொண்டவன், போகிற போக்கில் திரும்பினான்.

“அண்ணாவப் பாத்தா, நான் விசாரிச்சேன்னு மட்டும் சொல்லிடுங்க.”

அதையும் நான் இன்னும் சொல்லவில்லை.