பெர்னடெற்றின் மோதிர விரல்

பெர்னடெற் மன்னார்க்காரி. வெளிநாட்டுக்கு வந்து, மோர்டனில் நான் கல்லாவில் இருக்கும் மீன்கடையில் மீன் வெட்டுகிறாள். லேசில் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் புருஷன் செபமாலைமுத்துவின் கதைதான். அவன் ஊரில் சண்டை நடக்கிற வன்னிக்குள் அகப்பட்டுவிட்டான். 2009 மார்ச்சில் ஒருதரம் போன் எடுத்தான். பிறகு சத்தமே இல்லை.

கல்யாணத்தன்று அவன் போட்ட மோதிரத்தோடுதான் மீன் வெட்டுவாள். இடுக்கில் செதிள் சிக்கும், கழற்றி வை என்று முதலாளி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்.

"அவர் வாற வரைக்கும் கழட்டமாட்டன்" என்பாள். அது விரலில் கிடக்கும்வரை அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். எதற்கெடுத்தாலும் நக்கல் அடிக்கிற நான்கூட அதற்கு நக்கல் அடிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, உறைந்த மீன்பெட்டி ஒன்று வழுக்கி அவள் கையில் விழுந்தது. மோதிர விரல் சிவந்து வீங்கத் தொடங்கியது.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். மூன்று பிள்ளை வளர்த்த இந்த நகுலேஸ்வரிக்குத் தெரியாத வைத்தியமா! பின்பக்கம் கூட்டிப்போய், நல்லெண்ணெய் தடவி விரலை அழுத்தி நீவினேன். உப்பை வறுத்துத் துணியில் கட்டிச் சுடச்சுட ஒத்தடம் கொடுத்தேன்.

"சூடு பட்டால்தான் கட்டின ரத்தம் கலையும். பொறு" என்றேன். பாவம், என்னை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

ஒரு மணித்தியாலத்தில் விரல் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. மோதிரம் சதைக்குள் புதைந்து, விரல் நுனி நீலம் பாரித்தது. சோப்புப் போட்டு இழுத்தோம், அசையவில்லை. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நர்ஸ் கையை உயர்த்திப் பிடித்து, ஐஸைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தாள். கால் மணித்தியாலம் போயிற்று. விரலில் இறுக்கி நூல் சுற்றி, மோதிரத்தை அதன்மேல் உருட்டியும் பார்த்தாள். மோதிரம் வரவில்லை. அடிபட்ட உடனே மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஐஸ் வைத்திருக்க வேண்டும் என்றாள். குளிருக்கு ரத்தக்குழாய் சுருங்கும், வீக்கம் அவ்வளவு ஏறாது. சூடு வைத்தால் ரத்தம் இன்னும் பாயும், வீக்கம் கூடும். இதெல்லாம் சொல்லிவிட்டு, எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

மீன்கடையில் என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தேன். அன்று காலை மீன் தட்டுகளில் ஐஸை அள்ளிக் கொட்டியது இந்தக் கைதான்.

இனித் தாமதித்தால் விரல் போய்விடும், மோதிரத்தை வெட்டத்தான் வேண்டும் என்றாள் நர்ஸ். பெர்னடெற் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"விரலை வெட்டச் சொல்லுங்கோ அக்கா. மோதிரத்தை வெட்ட வேண்டாம்."

மோதிரத்தைத்தான் வெட்டினார்கள்.

அடுத்த மாதம் வன்னியில் எல்லாம் முடிந்தது. செபமாலைமுத்து அகதி முகாமுக்கு வந்தவர்களிலும் இல்லை, செத்ததாகச் சொல்லப்பட்டவர்களிலும் இல்லை. மோதிரத்தை நகைக்கடையில் கொடுத்து ஒட்டித் தருகிறேன் என்று கெஞ்சினேன். "அவர் வந்து ஒட்டித் தரட்டும் அக்கா" என்றாள். நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது என் மனம் ஆறியிருக்கும்.

ஆவணியில் ஒருநாள் கடையின் ஷட்டர் என் கையில் இறங்கியது. நான் கத்தி முடிக்குமுன் பெர்னடெற் ஓடிவந்தாள்.

"முதல்ல மோதிரத்தைக் கழட்டுங்கோ அக்கா."

அவளே உருவி எடுத்து என் பையில் பத்திரமாகப் போட்டாள். மீன் தட்டிலிருந்து ஐஸை அள்ளித் துணியில் சுற்றி என் விரலில் வைத்தாள். கையை உயர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய வெறும் விரலில் மோதிரம் கிடந்த இடம் மட்டும் இன்னும் வெளுப்பாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சரியா நோகுதோ அக்கா?"

"ஓம்" என்றேன்.