பந்தியில் உட்காராத அப்பா

கூடையில் பந்து போடுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதைக் கடத்தூர்ப் பக்கத்தில் யாரும் நம்பவில்லை. பெரியப்பா கடைசிவரை நம்பவில்லை. சேலத்தில் படித்தபோது அப்பா அந்தக் கூடைப்பந்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். நல்ல உயரம். கொழும்பில் ஒரு கம்பெனி, ரங்கூனில் ஒன்று, பிறகு சிங்கப்பூர் என்று, ஆள் தேவைப்பட்ட குழுவுக்கெல்லாம் போய் ஆடினார். பேருக்குத்தான் குமாஸ்தா வேலை.

யுத்தத்துக்குச் சற்று முன்பு ஊருக்கு வந்தவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். சோற்றைக்கூடத் தூணில் சாய்ந்து, நின்றபடிதான் சாப்பிட்டார். உறவுக்காரர்கள் அவரைத் 'துரை' என்றார்கள். சிறுமியான எனக்கு அது பெருமையாக இருந்தது. நானும் நின்றுகொண்டே சாப்பிட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

அந்தச் சமயத்தில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். முதல் பந்தியில் சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா மட்டும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டா, எங்களோட உக்காந்து தின்னா உன் கௌரவம் கொறைஞ்சிருமா?" என்றார் பெரியப்பா.

"நான் அப்பறமா சாப்புடறேங்கண்ணா. நீங்க உக்காருங்க."

"சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்கறாங்க. இன்னிக்கு நீ உக்காரலைன்னா இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத."

அப்பா ஓரத்து இலைக்கு முன்னால் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். வலது காலை மடக்காமல் நீட்டிக்கொண்டார். அதையும் ஒருவர் திமிர் என்று முணுமுணுத்தார். பெரியப்பா தாமே அவர் இலையில் நெய் ஊற்றினார்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்து போனார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பாயசம் என்றார். அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அப்பாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா நேராக வந்து அவர் அருகில் குனிந்தாள்.

"என் தோளப் புடிச்சிக்கங்க."

அப்பா அவள் தோளை அழுத்திக்கொண்டு எழுந்தார். கூட்டத்தில் அப்பா எதிரே நிற்கக்கூடக் கூசுகிற அம்மா, அவர் கையைத் தோளில் சுமந்தபடி எல்லோர் நடுவிலும் நடந்தாள். சிங்கப்பூர்ப் பழக்கம் என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பினாங்கில் ஒரு குழு அப்பாவைக் கூப்பிட்டிருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கச் சொன்னார் பெரியப்பா. "இன்னும் ஒரு வருசம் ஆடிட்டு வந்தர்றேங்க" என்றார் அப்பா. அவர் கிளம்பிவிட்டார்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஊன்றுகோலோடு திரும்பினார். ரங்கூனில் விழுந்தபோதே முழங்கால் மூட்டு போய்விட்டது என்றும், தெரிந்தால் யாரும் ஆட்டத்துக்குச் சேர்க்கமாட்டார்கள் என்று அம்மாவைத் தவிர எல்லோரிடமும் அதை மறைத்தார் என்றும் அதன் பிறகுதான் தெரிந்தது.

அவர் பினாங்குக்குப் போன அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. பெண்டாட்டி தோளில் கைபோட்டு நடக்கிற சிங்கப்பூர் மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொள்வேன் என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காதது எனக்குக் கோபமாக இருந்தது.